மோட்டார் வண்டி நிற்கக் கற்ற வரலாறு

தேர்த் திருவிழாவைக் கண்டவர் யாவரும் வடம் பிடித்திழுக்கும் நூற்றுக்கணக்கான கைகளைக் கண்டிருப்பர். ஆனால், உருளும் சக்கரத்தை ஒட்டிக் குனிந்து நடந்தவாறே கையில் ஒரு கட்டையை ஏந்தி நிற்கும் சிலரை எத்தனை பேர் உற்று நோக்கியிருப்பர்? தேர் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்புவதும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதும் அவர்கள் கையிலேயே உள்ளன. அவர்கள் சக்கரத்தின் அடியில் இடும் கட்டைக்கு முட்டுக்கட்டை என்று பெயர். ஒரு நற்செயலைத் தடுப்பவனை, ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று நாம் பழித்துரைக்கின்றோம். தேரோடும் வீதியிலோ அந்தக் கட்டையே உயிர் காக்கும் கருவியாகும். திருவாரூர் ஆழித்தேருக்கு நம் காலத்தில் திருச்சியிலுள்ள ‘பெல்’ தொழிற்சாலையார் நீர்ம அழுத்தத்தால் இயங்கும் பிரேக்குகளை அமைத்துத் தந்தனர். அத்தகைய பெருந்தேரை இழுப்பதற்கு ஊர் திரண்டால் போதும்; நிறுத்துவதற்கோ அறிவு வேண்டும்.

மோட்டார் வண்டியின் வரலாறும் இத்தகையதே. வண்டி எவ்வாறு ஓடத் தொடங்கிற்று என்பதைப் பாட நூல்கள் விரித்துரைக்கின்றன. அது எவ்வாறு நிற்கக் கற்றது என்பதை அவை பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடித்துவிடுகின்றன. இன்று கார் வைத்திருக்கும் ஒருவர், தம் வீட்டு முற்றத்திலேயே முன்சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்த பிரேக் பேடுகளையும் வட்டுகளையும் மாற்றிவிட முடிகின்றது. அவர் கையில் எடுக்கும் அச்சிறு துண்டு, நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட முயற்சியின் பயனாகும். அந்த முயற்சியின் கதையையே இங்குக் காண்போம்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை நினைவிற்கொள்ள வேண்டும். பிரேக் என்பது வேகத்தை அழிப்பதன்று. வேகத்தை வெப்பமாக மாற்றுவதே அதன் தொழில். ஆயிரம் கிலோகிராம் நிறையுள்ள ஒரு கார் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதனிடம் 50,000 ஜூல் இயக்க ஆற்றல் உள்ளது. வேகம் இருமடங்காகி 72 கிலோமீட்டரானால், ஆற்றல் இருமடங்காவதில்லை. நான்கு மடங்காகி 2,00,000 ஜூலை எட்டுகின்றது. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அதுவே போதும். வண்டி நிற்கும் சில நொடிகளுக்குள் அவ்வளவு வெப்பமும் பிரேக்கிலே பிறந்து, காற்றிலே கலந்தாக வேண்டும். அவ்வாறு கலக்கவில்லையெனில் என்ன நேரும்? பிரேக்கின் வரலாறு முழுவதும் இந்த ஒரு வினாவுக்கு மனிதன் தேடிய விடைகளின் தொகுப்பே எனலாம்.

பழங்காலக் குதிரை வண்டிகளுக்கு மரக்கட்டையே பிரேக்காக இருந்தது. ஒரு நெம்புகோலை இழுத்தால், கட்டை சக்கரத்தின் விளிம்பில் சென்று அழுந்தும். குதிரையின் நடைக்கு அது போதுமானதாக இருந்தது. மேலும், வண்டியை நிறுத்துவதில் குதிரைக்கும் பங்குண்டு. ஆனால், பொறியால் ஓடும் வண்டி பிறந்தபோது அந்தத் துணை அகன்றது.

ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பென்ஸ் என்பார் 1886-ஆம் ஆண்டில் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். மக்கள் அதனை வேடிக்கைப் பொருளாகவே கருதினர். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர்தம் மனைவியார் பெர்த்தா பென்ஸ், கணவரிடம் கூறாமலே, தம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைம் நகரிலிருந்து தம் தாய் வீடு இருந்த பிஃபோர்ஸ்ஹைம் நகருக்கு அந்த வண்டியிலேயே புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி அது. எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார். அடைபட்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். மேட்டு நிலங்களில் பிள்ளைகள் இறங்கி வண்டியைத் தள்ளினர். ஆனால், இறக்கங்களே அவருக்கு அச்சத்தைத் தந்தன. மரக்கட்டைப் பிரேக்குகள் விரைந்து தேய்ந்துகொண்டே வந்தன. வழியில் ஓர் ஊரில் அவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரிடம் சென்று, அந்தக் கட்டைகளின் மீது தோலை வைத்து ஆணி அடித்துத் தருமாறு கேட்டார். தேய்வதற்கென்றே ஒரு மேலுறை. தேய்ந்தபின் அதனை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துக்கொள்ளலாம்! பிரேக் லைனிங் என்று பின்னாளில் பெயர் பெற்ற பொருள் மோட்டார் வண்டிக்கு வந்து சேர்ந்தது இவ்வாறுதான். வழியோரத்தில், ஒரு தாயின் முன்யோசனையாலும் ஒரு தோல் தொழிலாளியின் கைத்திறத்தாலும் அது பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அடுத்து இங்கிலாந்துக்குச் செல்வோம். டெர்பிஷயர் மலைப்பகுதியில், இறக்கத்தில் வரும் உழவர் வண்டிகளின் கட்டைப் பிரேக்குகளில் பழைய காலணித் தோலைச் செருகியிருந்ததை ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் கண்டார் என்று கூறுவர். அவர் 1897-ஆம் ஆண்டில் இத்துறையில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பருத்தி நெசவில் பிசின் வகைகளை ஊறவைத்து லைனிங் செய்தார். அது குதிரை வண்டிக்கு நன்கு உதவிற்று. மோட்டார் வண்டியின் வெப்பத்திலோ கருகிப்போயிற்று. தீயில் எரியாத நார் ஒன்று தேவைப்பட்டது. அத்தகைய நார் இயற்கையிலே இருந்தது. கல்லிலிருந்து கிடைக்கும் கல்நார் அது. 1908-ஆம் ஆண்டு முதல் அவர் கல்நாரைப் பயன்படுத்தலானார். உலகமும் அவரைப் பின்பற்றிற்று. இந்தக் கல்நாரின் கதை இத்துடன் முடியவில்லை. பின்னர் அதற்கு மீண்டும் வருவோம்.

லைனிங் கிடைத்துவிட்டது, அதனை எங்கே அழுத்துவது? 1902-ஆம் ஆண்டில் இரு விடைகள் தோன்றின. பிரான்சு நாட்டில் லூயி ரெனோ, சக்கரத்தோடு சுழலும் ஓர் உருளைக்குள் இரு வளைந்த கட்டைகளை வைத்து, அவற்றை வெளிநோக்கி விரியச் செய்தார். இதுவே டிரம் பிரேக். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துப் பொறியியலறிஞர் ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர், சக்கரத்தோடு சுழலும் ஒரு வட்டை இரு புறமும் பற்றிப் பிடிக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இதுவே டிஸ்க் பிரேக். இரண்டில் பின்னதே சிறந்தது என்பதை இன்று அறிவோம். ஆயினும் அன்று அது தோற்றது. அவர் வைத்த செம்புத் துண்டுகள் வட்டில் உராய்ந்தபோது எழுந்த கிறீச்சொலியைக் கேட்கச் சகியாது மக்கள் காதைப் பொத்திக்கொண்டனர். அக்காலத்துப் புழுதிச் சாலைகளோ அவற்றை விரைந்து தேய்த்தன. டிரம்மின் உட்புறம் மூடியிருந்தமையால் புழுதி புகவில்லை. நல்ல எண்ணம் ஒன்று, அதற்கேற்ற பொருளும் சாலையும் இல்லாமையால், ஐம்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

டிரம்முக்கு மற்றொரு வலிமையும் உண்டு. சுழலும் டிரம் தன் உராய்வினாலேயே உள்ளிருக்கும் கட்டையை மேலும் இழுத்து அழுத்திக்கொள்ளும். ஓட்டுநரின் கால் சிறிது அழுத்தினால் போதும். வட்டிலோ இந்த உதவி இல்லை. முழு வலிமையும் வெளியிலிருந்தே வர வேண்டும்.

அந்நாளில் பெரும்பாலான வண்டிகளுக்குப் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக் இருந்தது. முன்சக்கரங்களில் பிரேக் அமைத்தால் வண்டி தலைகுப்புற விழும் என்று பலர் அஞ்சினர். உண்மை இதற்கு நேர்மாறானது. வண்டி நிற்கும்போது எடை முன்னோக்கிச் சாய்கின்றது; ஆகவே முன்சக்கரங்களே தரையை அழுத்திப் பற்றி நிற்கின்றன. 1920-களில் இந்த உண்மை பரவிற்று. நான்கு சக்கரங்களிலும் பிரேக் உள்ள வண்டி சட்டென்று நின்றுவிடுமாதலால், பின்னால் வருவோர் எச்சரிக்கையாயிருக்கும் பொருட்டு, இங்கிலாந்தில் அத்தகைய வண்டிகள் சிலவற்றின் பின்புறத்தில் சிவப்பு முக்கோணம் ஒன்றைப் பொருத்தினர்.

நான்கு பிரேக்குகளையும் ஒரே அளவில் அழுத்துவது எங்ஙனம்? கம்பிகளும் கோல்களும் ஒன்று இறுகி ஒன்று தளர்ந்து வண்டியை ஒரு புறமாக இழுத்துச் சென்றன. மூடிய நீர்மத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டிலேயே உரைத்த விதி இங்குக் கைகொடுத்தது. அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட் இவ்விதியைக் கொண்டு நீர்ம அழுத்தப் பிரேக்கை அமைத்தார். 1921-ஆம் ஆண்டில் வெளிவந்த டியூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் அதனைப் பெற்றிருந்தது. 1924-இல் கிரைஸ்லர் நிறுவனத்தார் அதனைத் திருத்தி, நடுத்தர விலையுள்ள காருக்கும் கொண்டுவந்தனர். ஆயினும் ஃபோர்டு நிறுவனத்தார் 1939-ஆம் ஆண்டுக்குரிய வண்டிகள் வரும் வரையில் இதனை ஏற்கவில்லை.

இவ்வாறு டிரம் பிரேக் உலகை ஆண்டது. ஆனால், வேகம் வளர வளர அதன் குறை வெளிப்பட்டது. மூடிய டிரம்மில் பிறந்த வெப்பம் எளிதில் வெளியேற முடியவில்லை. சூடேறிய டிரம் விரிகின்றது. உள்ளேயிருக்கும் கட்டையும் வெளிநோக்கியே நகர வேண்டியிருத்தலால், இரண்டுக்கும் இடைவெளி மிகுகின்றது. லைனிங்கின் பிடிப்பும் வெப்பத்தால் குறைகின்றது. நீண்ட மலையிறக்கத்தில் பிரேக்கை விடாது மிதித்து வரும் ஓட்டுநர், கால் ஆழ ஆழச் செல்வதையும் வண்டி நில்லாததையும் திடீரென உணர்வார். அந்நிலையை எண்ணிப் பார்க்கவே உள்ளம் நடுங்குகின்றது!

இதற்கு விடை வானிலிருந்து வந்தது எனலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்கள் எடையிலும் வேகத்திலும் மிகுந்தன. தரையிறங்கும் விமானத்தை நிறுத்த டிஸ்க் பிரேக்குகள் வளர்ச்சி பெற்றன. போருக்குப் பின் டன்லப் நிறுவனத்தார் அவ்வறிவைக் காருக்குக் கொண்டுவர ஜாகுவார் நிறுவனத்தாரோடு கூடி உழைத்தனர். சோதனை ஓட்டுநராகிய நார்மன் டியூவிஸ் அவற்றை ஓட்டி ஓட்டிக் குறைகளைக் கண்டறிந்தார். பிரேக் நீர்மம் வெப்பத்தால் கொதித்து ஆவியானது ஒரு குறை; ஆவி அமுங்கும், நீர்மம் அமுங்காது; ஆகவே ஆவி புகுந்த குழாயில் மிதித்த வலிமை வீணாகும். கரடுமுரடான வழியில் வட்டு ஆட்டங்கண்டு பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடுவது மற்றொரு குறை; அப்போது முதல் மிதியில் பிரேக் பிடிப்பதில்லை. ஒவ்வொன்றாக இவற்றைக் களைந்தனர். 1952-ஆம் ஆண்டில் ரீம்ஸ் நகரப் பந்தயத்தில் ஸ்டர்லிங் மாஸ் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவாரில் வெற்றி பெற்றார். 1953-ஆம் ஆண்டு லமான் நகரின் இருபத்து நான்கு மணி நேரப் பந்தயத்தில் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இருவரும் மாறி மாறி ஓட்டிய ஜாகுவார், மணிக்குச் சராசரி 170 கிலோமீட்டர் வேகத்தில் முதலாவதாக வந்தது. அப்பந்தயத்தில் சராசரி நூறு மைலைக் கடந்த முதல் வெற்றி அதுவே. வென்றது எஞ்சினின் வலிமை மட்டுமா? நீண்ட நேர்வழியின் கோடியில், பிறர் வேகத்தைக் குறைக்கத் தொடங்கிய பின்னும் சிறிது தொலைவு விரைந்து சென்று, அதன்பின் நம்பிக்கையோடு மிதிக்க முடிந்ததே அதன் பெருமை. நன்றாக நிற்கத் தெரிந்த வண்டியே விரைவாக ஓடவும் வல்லதாயிற்று!

1955-ஆம் ஆண்டு பாரிசுக் கண்காட்சியில் சித்ரோவென் நிறுவனத்தார் வெளியிட்ட டி.எஸ். கார், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கொண்டு பெருமளவில் விற்பனைக்கு வந்தது. வட்டுக்கு மிகுந்த வலிமை வேண்டும் என்ற தடையை, மிதிக்கும் வலிமையைப் பெருக்கித் தரும் துணைக்கருவிகள் நீக்கின. 1962-ஆம் ஆண்டில் சென்னைக்கு அருகே பாடியிலும் பிரேக்ஸ் இந்தியா என்னும் நிறுவனம் தோன்றி, இத்தொழில் நம் நாட்டில் வேரூன்றத் துணை செய்தது.

டிஸ்க் பிரேக்கின் வெற்றியால் மற்றொரு மாற்றமும் விளைந்தது. டிரம் பிரேக்கில் லைனிங் மாற்றுவது கைத்திறம் வேண்டும் வேலை. பழைய லைனிங்கைப் பெயர்த்து, புதியதை வளைவுக்கேற்பப் பொருத்தி, ரிவெட்டு அடித்து, பல சுருள்வில்களை உரிய இடத்தில் மாட்ட வேண்டும். வட்டுப் பிரேக்கிலோ உறுப்புகள் யாவும் கண்முன் உள்ளன. பேடு தேய்ந்தால் அதனை உருவிவிட்டு வேறொன்றை வைத்தல் கூடும். ஆகவே, பொறுமையும் தக்க கருவிகளும் உடையவர் தம் வீட்டிலேயே செய்துகொள்ளும் பணியாக அது ஆயிற்று. அப்பணியின் ஒவ்வொரு விதியிலும் நாம் இதுவரை கண்ட வரலாறு பதிந்திருக்கின்றது.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும் என்பது முதல் விதி. தேரின் முட்டுக்கட்டையே இங்கும் வருகின்றது. ஜாக்கியால் தூக்கியபின் உறுதியான தாங்கியின் மேல் வண்டியை இருத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்புதல் உயிருக்கு இறுதியாகலாம். சக்கரத்தைக் கழற்றினால், வட்டைப் பற்றியிருக்கும் காலிப்பர் தோன்றும். அதன் திருகுகளைக் கழற்றியபின் அதனைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். ரப்பர்க் குழாயில் தொங்கவிட்டால் குழாய் சிதையும். பாஸ்கலின் விதி உடைந்த குழாயில் செல்லாது. இரு புறமும் உள்ள பேடுகளை ஒருசேர மாற்ற வேண்டும்; ஒரு புறம் புதியதும் மறுபுறம் தேய்ந்ததும் இருந்தால், பழைய கம்பிப் பிரேக்கைப் போல வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

வட்டின் கனத்தை அளந்து பார்த்தல் வேண்டும். இவ்வளவுக்குக் கீழே தேயலாகாது என்ற எல்லையை வட்டிலேயே பொறித்திருப்பர். 22 மில்லிமீட்டர் கனமுள்ள வட்டுக்கு 20 மில்லிமீட்டர் என்று எல்லை இருப்பதும் உண்டு. இரண்டு மில்லிமீட்டருக்கு இத்துணைக் கண்டிப்பு ஏன் என்று வினவலாம். வெப்பத்தை ஏற்றுத் தாங்குவது அந்த இரும்பின் நிறையே. மெலிந்த வட்டு விரைவில் சூடேறும், வெடிப்புறும். எல்லையைத் தாண்டிய வட்டை மாற்றியே ஆக வேண்டும். புதிய வட்டின் மேலுள்ள எண்ணெய்ப் பூச்சைத் துடைத்து, அது உட்காரும் இடத்திலுள்ள துருவையும் நீக்கிப் பொருத்துவர்.

புதிய பேடுகள் கனமானவை. அவற்றுக்கு இடமுண்டாகக் காலிப்பரின் உந்துதண்டை மெல்லப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அதனால்தான், வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்துமுன் பிரேக்கைப் பலமுறை மிதித்து, கால் உறுதியாக நிற்கின்றதா என்று பார்த்தல் இன்றியமையாதது. இதனை மறந்தவருக்கு முதல் மிதியில் பிரேக் இராது. பந்தய வண்டியில் டியூவிஸ் கண்ட அதே குறை, தெருமுனையில் அவருக்குக் காத்திருக்கும். பிரேக் ஆயில் எனப்படும் நீர்மத்தையும் கருதிப் பார்க்க வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. டாட் 4 என்னும் வகை, புதிதாயிருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியசு வரை கொதிக்காதிருத்தல் வேண்டும். ஈரம் ஏறியபின் அதற்குரிய எல்லை 155 பாகையே. ஆதலால் அதனைக் காலமறிந்து மாற்ற வேண்டும். திருகுகளை வண்டியின் கையேட்டில் கூறிய அளவுக்கு இறுக்கி, மெதுவாக ஓட்டிச் சோதித்தபின்னரே சாலைக்குச் செல்லலாம். இவற்றுள் எதிலேனும் ஐயம் உண்டானால், தேர்ந்த தொழிலாளியைக் கொண்டு சரிபார்த்தலே அறிவுடைமை. அதில் இழிவு ஒன்றுமில்லை.

இன்னும் ஒரு விதி உண்டு. பிரேக்கில் படிந்த தூளை ஊதலாகாது. ஈரத் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும் என்பது அது. சிறிய விதிதான், ஆனால், அதற்கு மனிதகுலம் கொடுத்த விலை பெரிது. கல்நாரின் கதைக்கு இங்கே மீள்கின்றோம்.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில் கல்நார் நூற்கும் ஆலையில் நெல்லி கெர்ஷா என்னும் பெண் உழைத்தார். 1924-ஆம் ஆண்டில், தம் 33-ஆம் வயதில், நுரையீரல் கெட்டு இறந்தார். மருத்துவர் வில்லியம் குக் அவருடைய நுரையீரலை ஆராய்ந்து, கல்நார்த் துகளே நோய்க்குக் காரணம் என்று மருத்துவ இதழில் எழுதினார். 1931-ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஆலைகளுக்கெனப் பாதுகாப்பு விதிகள் வந்தன. ஆனால், அவை ஆலையின் வாயிலோடு நின்றன. பட்டறையில் டிரம்மைத் திறந்து, வாயால் ஊதியும் காற்றுக் குழாயால் அடித்தும் தூளை நீக்கிய தொழிலாளியை அவை காக்கவில்லை. வீட்டு முற்றத்தில் வேலை செய்தவரையும், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த பிள்ளையையும் எச்சரிக்க ஒருவரும் இலர். இந்நோய் துகளைச் சுவாசித்த அன்றே தோன்றுவதில்லை. பல பத்தாண்டுகள் கழித்தே தோன்றும். அதனாலேயே உலகம் விழித்துக்கொள்ளக் காலம் கடந்தது. பிரிட்டன் 1999-ஆம் ஆண்டில் கல்நாரை முற்றும் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2005-இல் தடை நடப்புக்கு வந்தது. அமெரிக்காவில் பிரேக் லைனிங் உட்பட எஞ்சியிருந்த பயன்களுக்கும் எதிராக 2024-ஆம் ஆண்டில்தான் ஆணை பிறந்தது. எல்லா நாடுகளும் இன்னும் அதனை விலக்கிவிடவில்லை. பழைய வண்டியின் பிரேக்கைத் திறப்பவர், அதிலுள்ள தூளைக் கல்நார்த் தூளாகவே கருதி நடத்தல் வேண்டும் என்பது இதனாலேதான்.

சாலையில் எண்ணற்ற உயிர்களைக் காத்த பொருளே, அதனை நூற்றவர், அறுத்தவர், பொருத்தியவர் உயிர்களை மறைவிலே குடித்தது. இதனை என்னென்பது! அறிவியல் தந்த பயனை ஏற்கும்போது, அதன் விலையை யார் கொடுக்கின்றார் என்று கேட்கும் கடமையும் நமக்கு உண்டு. நெல்லி கெர்ஷாவின் பெயர் இயந்திர நூல்களில் இடம்பெறுவது அரிது. ஆயினும், பிரேக்கின் வரலாற்றில் லாஞ்செஸ்டருக்கும் மாஸுக்கும் அருகே அவருக்கும் ஓர் இடம் உண்டு.

வரலாறு நேர்கோட்டில் செல்வதுமில்லை. இன்றைய மின்சாரக் கார்கள், வேகத்தைக் குறைக்கும்போது அந்த ஆற்றலை மின்சாரமாக்கி மின்கலத்துக்கே திருப்புகின்றன. வெப்பமாக வீணாவது குறைகின்றது. அதனால் வட்டும் பேடும் தேய்வதற்குப் பதில், வேலையின்றித் துருப்பிடிக்கும் நிலைகூட வந்துள்ளது. ஆகவே, 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் ஐ.டி.3 போன்ற மின்சாரக் கார்களின் பின்சக்கரங்களில், மூடியிருப்பதால் துருவுக்குத் தப்பும் பழைய டிரம்மே மீண்டும் இடம்பெற்றிருக்கின்றது. தோற்றது என்று எண்ணி ஒதுக்கிய ஒன்று, காலம் மாறியபோது திரும்பவும் பயன்படுகின்றது.

மாணவ அன்பர்களே! அடுத்த முறை ஒரு கார் உங்கள் முன் அமைதியாக வந்து நிற்குமாயின், ஒரு நொடி எண்ணிப் பாருங்கள். பிஃபோர்ஸ்ஹைம் வழியில் தோலை ஆணியடித்த தொழிலாளியும், ரீம்ஸ் நகரில் ஓடிய பந்தய வீரரும், ராச்டேல் ஆலையில் இருமிய பெண்ணும் அந்த நிறுத்தத்தில் கூடியிருக்கின்றனர். தேரை இழுப்போரைக் கண்டு மகிழும் நாம், சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு குனிந்து நிற்பவரையும் சற்று ஏறெடுத்துப் பார்ப்போமாக.